கேள்வி – பதில்: ஆங்கில இலக்கிய வகுப்பின் அருஞ்சொற்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் இம்மாதம் வந்த கடிதங்களில் பல, மலேசியாவில் படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் விருப்பப் பாடமாக உள்ள ஆங்கில இலக்கியத்தையும், அதில் எதிர்ப்படும் கடினமான சொற்களையும் பற்றியவை. ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதால் அவற்றுக்கான பதில்களை ஒரே இதழில் தருகிறோம்.

கேள்வி: நான் படிவம் நான்கு மாணவி. ஆறாம் ஆண்டு வரை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். ஆங்கில இலக்கியப் பாடநூலில் பக்கத்துக்கு ஐந்தாறு சொற்களாவது எனக்குப் புரிவதில்லை. இணையத்தில் கிடைத்த ‘ஆயிரம் உயர்நிலைச் சொற்கள்’ என்ற பட்டியலை நாள்தோறும் இருபது வீதம் மனப்பாடம் செய்கிறேன். ஆனாலும் வகுப்பில் கதையைப் படிக்கும்போது அவற்றில் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லை. வேறு வழி உண்டா?
— மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: பக்கத்துக்கு ஐந்தாறு சொற்கள் புரியாமல் போவதைப் பெரிய குறையாக எண்ண வேண்டாம். சொல்வளம் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன், ஓர் ஆங்கில நாவலில் வரும் சொற்களில் 98 விழுக்காட்டைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2006இல் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். அந்த நிலையை எட்டியவருக்கும் ஐம்பது சொல்லுக்கு ஒன்று புதிதாகவே இருக்கும். முந்நூறு சொற்கள் கொண்ட பக்கத்தில் அது ஆறு சொல்லாகிறது. நீங்கள் எண்ணிய எண்ணிக்கை சரியென்றால், நீங்கள் நினைப்பதைவிட நல்ல நிலையிலேயே இருக்கிறீர்கள்.

பட்டியலை இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள். அகரவரிசைப் பட்டியலில் அபேஸ், அபாஷ், அபேட் என்று ஒரே சாயலுள்ள சொற்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றை ஒரே மூச்சில் படிப்பவருக்கு ஒன்றின் பொருள் மற்றொன்றோடு கலந்துபோவது இயல்பு. அதோடு, இத்தகைய பட்டியல்களில் பலவும் அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதுவோரை மனத்தில் வைத்துத் தொகுக்கப்பட்டவை. உங்கள் பாடநூலின் கதாசிரியருக்கு அப்படியொரு பட்டியல் இருப்பதே தெரியாது.

பாடநூலிலேயே சொற்களைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் புரியாத எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கப்பலின் ஓர் உறுப்புக்கோ, குளிர்நாட்டுச் செடி ஒன்றுக்கோ பெயராக வரும் சொல்லை ‘ஏதோ ஒரு செடி’ என்று கொண்டு மேலே போய்விடலாம். ஒருவருடைய மனநிலையையோ குணத்தையோ காட்டும் சொல்லையும், திரும்பத் திரும்ப வரும் சொல்லையும், அது விளங்காவிட்டால் அந்தப் பத்தியே விளங்காது என்ற இடத்தில் நிற்கும் சொல்லையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று போதும்.

எடுத்த சொல்லுக்குக் குறிப்பேட்டில் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்குங்கள். கதையில் ஒரு பாட்டி, பேரன் வெளியூர் போகச் சம்மதித்து ‘எ ரிலக்டன்ட் நாட்’ (நாட் என்றால் தலையசைப்பு) கொடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாக்கியத்தை அப்படியே மேலே எழுதி, அதன் கீழே சூழலைத் தமிழில் ஒரு வரியாகக் குறியுங்கள்: பேரனைப் பிரிய மனமில்லை, ஆனாலும் தடுக்கவில்லை. பிறகு பொருளுக்கு வாருங்கள். அகராதி ‘விருப்பமின்றி’ என்று சொல்லலாம். விருப்பமில்லாதவர் மறுத்தும்விடலாமே, பாட்டி மறுக்கவில்லை. ‘வேண்டா வெறுப்பாக’ என்றால் பாட்டியிடம் இல்லாத கசப்பு வந்து சேர்கிறது. ‘அரை மனதோடு’ என்பது அந்த இடத்தில் சரியாக உட்காருகிறது. மூன்றையும் எழுதிப் பார்த்து இரண்டை நீங்களே அடித்துவிடும் அந்தச் சில நிமிடங்களில் சொல் மனத்தில் பதிகிறது. பட்டியல் அந்த வேலையை உங்களுக்குத் தருவதே இல்லை.

அதன் பின் சொல்லின் சுற்றத்தை எழுதுங்கள். ரிலக்டன்ஸ் என்பது பெயர்ச்சொல், ரிலக்டன்ட்லி என்பது வினையடை. ரிலக்டன்ட் என்பதற்குப் பின் ‘டு’ வந்து வினைச்சொல் தொடரும். கடைசியாக, கதையை விட்டு வெளியே வந்து உங்கள் வீட்டையும் ஊரையும் பற்றிய வாக்கியம் ஒன்றை எழுதுங்கள். ‘மை கிராண்ட்ஃபாதர் வாஸ் ரிலக்டன்ட் டு லீவ் தி எஸ்டேட்’ என்று எழுத நம் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குக் காரணம் உண்டு.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்கிறேன். தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. படிவம் ஐந்தில் படிக்கும் மகன் ஆங்கிலச் சொற்களை இரவில் படித்துவிட்டு மறுவாரமே மறந்துபோகிறான். ஈப்போவுக்கு டியூஷனுக்கு அனுப்ப வசதியில்லை. அவனுக்கு என்னால் ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு தாய், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்

பதில்: முடியும், அம்மா. மறதி உங்கள் மகனுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்கவுஸ், பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து பார்த்து, படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாள்களுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்பதையும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்பதையும் 1885இல் நூலாகவே எழுதி வைத்தார். ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972இல் இதற்கு ஒரு பெட்டி முறையைச் சொன்னார். அதற்குப் பழைய காலணிப் பெட்டி ஒன்றும் கொஞ்சம் அட்டையும் இருந்தால் போதும்.

பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்துக்கொள்ளுங்கள். மகன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதட்டும். ஒரு பக்கத்தில் தமிழ்ப் பொருளும் கதையில் அது வந்த இடமும், மறுபக்கத்தில் ஆங்கிலச் சொல். புதிய அட்டைகள் எல்லாம் முதல் அறையில் தொடங்கும். நீங்கள் தமிழ்ப் பக்கத்தை வாசியுங்கள். அவன் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி எழுத்துக்கூட்டட்டும். ஆங்கில எழுத்துகளை அடையாளம் காணத் தெரிந்தாலே நீங்கள் சரிபார்த்துவிடலாம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, மற்ற இரண்டையும் இன்னும் நீண்ட இடைவெளியில் கேளுங்கள். பத்து நிமிட வேலைதான். டியூஷனில் இருபது பிள்ளைகளுக்கு நடுவே இப்படி ஒருவனை மட்டும் உட்காரவைத்துக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது.

இன்னொன்றும் செய்யலாம். அன்று படித்த அத்தியாயத்தைத் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ‘அவன் ஏன் அப்படிச் செய்தான்?’, ‘அவள் அதை நம்பினாளா?’ என்று கதை கேட்கும் எவரும் கேட்பதை நீங்களும் கேட்பீர்கள். தேர்வுத்தாளும் ஏறக்குறைய அதையேதான் கேட்கிறது.

கேள்வி: ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக்கூடாது என்பதற்காக, தாயை இழந்த ஒரு பாத்திரத்தைப் பற்றிய கட்டுரையில் ‘ஸேட்’ என்ற இடத்தில், ஒத்த பொருளுள்ள சொற்களைத் தொகுத்துத் தரும் தெஸாரஸைப் பார்த்து ‘லுகூப்ரியஸ்’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டார். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதானே?
— படிவம் ஐந்து மாணவர், கோலகங்சார் சாலை

பதில்: ஆசிரியர் செய்தது சரி. லுகூப்ரியஸ் என்பது துயரத்தைக் குறித்தாலும், அளவுக்கு மீறி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும் துயரம் அது. எழுதுபவர் அந்த முகத்தைப் பார்த்து உள்ளூரச் சிரிப்பது போன்ற தொனி அதில் இருக்கிறது. தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அந்தச் சொல்லைப் போட்டால், நீங்கள் அவனைக் கேலி செய்வதாக ஆகிவிடும்.

தெஸாரஸின்மேல் பழி போடவும் முடியாது. பீட்டர் மார்க் ரோஜெட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852இல் தம் தொகுப்பை வெளியிட்டபோது, சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கினார். நம் நிகண்டுகள் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்யுளில் செய்த வேலை அது. இரண்டும் ஏற்கெனவே தெரிந்த சொல்லை நினைவூட்டப் பயன்படுபவை. தெரியாத சொல்லை அங்கிருந்து எடுத்து நேரே கட்டுரைக்குள் வைப்பதுதான் ஆபத்து. தெஸாரஸில் கண்ட சொல்லை, மாதிரி வாக்கியங்கள் தரும் மாணவர் அகராதி ஒன்றில் தேடிப் பார்த்த பிறகே எழுதுங்கள். லாங்மன் நிறுவனம் 1978இல் வெளியிட்ட அகராதி, விளக்கங்களை எல்லாம் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதிக் காட்டியது. அந்த வகை அகராதி உங்களைப் போன்றவர்களுக்காகவே உருவானது. ஆங்கிலம்–தமிழ் அகராதியை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

துயரச் சொற்களையே ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கிரீஃப் என்பது ஓர் இழப்பால் வருவது, பெரும்பாலும் சாவு. டெஸ்பேர் என்பதில் நம்பிக்கை முற்றும் போய்விடுகிறது. மெலன்கலி இன்ன காரணம் என்று சுட்ட முடியாமல் நெடுநாள் கவிந்திருப்பது. கரும்பித்தம் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது அது. உடலில் அந்தப் பித்தம் மிகுந்தால் மனம் சோரும் என்று பழைய கிரேக்க மருத்துவர்கள் நம்பினார்கள். வாதம், பித்தம், கபம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமான சிந்தனையாகத் தோன்றாது. உங்கள் கட்டுரைப் பாத்திரத்துக்கு உரியது கிரீஃப். அதை இரண்டு முறை எழுதினால் யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கப்போவதில்லை.

ஒரே பொருளுக்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள் ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், ஊர்மக்கள் பேசிய பழைய ஆங்கிலத்தோடு ஆட்சியாளரின் பிரெஞ்சும் கலந்தது. கற்றவர்கள் வழியாக லத்தீனும் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் ஆஸ்க், குவெஸ்டியன், இன்டெராகேட் என்று மூன்றடுக்காகச் சொற்கள் நிற்கின்றன. நாமும் ஒருவரைக் கேட்கிறோம், வினவுகிறோம், விசாரணை செய்கிறோம். காவல் நிலையத்துக்கு எது பொருந்தும் என்று தமிழில் தடுமாற மாட்டீர்கள். அந்தக் காது ஆங்கிலத்துக்கும் வர, ஒவ்வொரு சொல்லையும் சில வாக்கியங்களிலாவது சந்தித்திருக்க வேண்டும்.

கேள்வி: லத்தீன் வேர்ச்சொற்களைக் கற்றுக்கொண்டால் ஆயிரக்கணக்கான சொற்கள் தானாகவே விளங்கும் என்கிறார் எங்கள் வகுப்புத் தோழர். உண்மையா?
— மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: பாதி உண்மை. பெனி என்றால் நன்மை, மலி என்றால் தீமை என்று தெரிந்தவருக்கு, பெனவலன்ட் நல்லெண்ணம் கொண்டவரையும் மலவலன்ட் தீய எண்ணம் கொண்டவரையும் குறிப்பது எளிதில் நினைவில் நிற்கும். அனிமஸ் என்பது மனம், உள்ளம்; அதிலிருந்து பெருந்தன்மையைக் குறிக்கும் மேக்னனிமிட்டியும், ஒருமனதான முடிவைக் குறிக்கும் யுனானிமஸும், பகையுணர்வைக் குறிக்கும் அனிமாஸிட்டியும் வந்தன. பார்த்த சொல்லை மறக்காமல் வைத்துக்கொள்ள வேர் நன்றாக உதவுகிறது.

பார்க்காத சொல்லை ஊகிக்க அதை நம்பினால் சில இடங்களில் கவிழ்த்துவிடும். எனர்வேட் என்ற சொல்லைப் பார்த்து ‘எனர்ஜி’ தருவது என்று எண்ணுவோர் பலர். அதன் பொருள் வலுவிழக்கச் செய்வது. நாய்ஸம் என்பதற்கும் இரைச்சலுக்கும் தொடர்பே கிடையாது. குமட்டும் நாற்றத்துக்கு அதைச் சொல்வார்கள். ஊகித்துப் படியுங்கள், பிறகு அகராதியைத் திறந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மலாய்மொழிப் பாடத்தின் கோம்சாஸ் எனப்படும் இலக்கியப் பகுதியிலும் தமிழ் இலக்கியத்திலும் எனக்கு நல்ல மதிப்பெண் வருகிறது. ஆங்கில இலக்கியத்தில் மட்டும் சொல் கிடைக்காமல் திணறுகிறேன். மூன்று மொழிகள் குழப்புகின்றனவோ?
— படிவம் ஐந்து மாணவர், தோட்டக் குடியிருப்பு

பதில்: குழப்பவில்லை, கையில் இருப்பதை நீங்கள் இன்னும் எடுத்துச் செலவழிக்கவில்லை. கோம்சாஸில் நீங்கள் எழுதும் இரோனி, மெதாஃபோரா, ஹிப்பர்போலா, பெர்சோனிஃபிகாசி, அலிட்டெராசி ஆகியவை எல்லாம் ஆங்கிலத்தில் ஈறு மட்டும் மாறி நிற்கின்றன. மலாயில் ‘ஆசி’ என்று முடிவது பெரும்பாலும் ‘ஏஷன்’ ஆகும். இன்டெக்ரித்தி இன்டெக்ரிட்டி ஆகும், ஒப்ஜெக்திஃப் ஆப்ஜெக்டிவ் ஆகும், திராகிக் டிராஜிக் ஆகும். மலாய் நூலில் இவ்வாறு வரும் சொற்களைத் தனியே எழுதி வந்தால், ஒரு தவணைக்குள் கட்டுரைக்குத் தேவையான சொற்களில் ஒரு நல்ல பங்கு சேர்ந்துவிடும். தமிழ்ப் பக்கத்திலும் உயர்வு நவிற்சியும் உருவகமும் மோனையும் உங்களுக்குப் பழகியவை. அக்கருத்துகளைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை, ஆங்கிலப் பெயரைத் தெரிந்துகொள்வது மட்டுமே பாக்கி.

இரண்டு இடங்களில் கவனமாக இருங்கள். மலாயில் ஆராய்ந்து சிந்திப்பதற்குக் கிரித்திஸ் என்றும், நெருக்கடியான நிலைக்குக் கிரித்திகல் என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கிரிட்டிக்கல் ஒன்றுதான். ‘கமென்ட் கிரிட்டிக்கலி’ என்று கேட்டால் குறை கண்டுபிடிக்கச் சொல்வதாக எடுத்துக்கொண்டு கதாசிரியரைத் திட்டி எழுதும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஆய்ந்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்பதே கேள்வி. மற்றொன்று, ஸிம்பதெட்டிக் கேரக்டர். பிறருக்கு இரங்கும் பாத்திரம் என்று அதை எழுதிவிடாதீர்கள். இலக்கிய வகுப்பில் அது வாசகரின் பரிவைப் பெறும் பாத்திரத்தைக் குறிக்கும். கொலைகாரன்கூட அப்படிப்பட்டவனாக இருக்கலாம்.

கேள்வி: வகுப்பில் உரக்க வாசிக்கும்போது சில சொற்களைத் தவறாக உச்சரித்துச் சிரிப்புக்கு ஆளாகிறேன்.
— மாணவர், சுங்கை சிப்புட்

பதில்: கண்ணால் மட்டும் படித்தவருக்கு இது நேரும், சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தச் சொல்லைப் படித்தே இருக்க மாட்டார்கள். எபிட்டமி, ஹைபர்பலி, கேயாஸ், ஸலிலக்வி ஆகியவற்றை எழுத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது. கைப்பேசி அகராதியில் ஒலிக்குறியைத் தட்டி, கேட்டதை அட்டையின் ஓரத்தில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷேக்ஸ்பியரில் எனக்குத் தெரிந்த சொற்களே வேறு பொருளில் வருகின்றனவே?
— ஆறாம் படிவ மாணவி, ஈப்போ சாலை

பதில்: நானூறு ஆண்டுகளில் பொருள் நகர்ந்துவிட்டது. வேர்ஃபோர் என்றால் ‘எங்கே’ அன்று, ‘ஏன்’. பிரஸன்ட்லி அன்றைக்கு ‘உடனே’. ஃபாண்ட் என்பது ‘அறிவில்லாத’ என்ற பொருளிலும் வரும். தெரிந்த சொல் வாக்கியத்தில் பொருந்தாமல் உறுத்தினால், பதிப்பின் ஓரக்குறிப்பைப் பார்க்கச் சோம்பல்படாதீர்கள். தெரியாத சொல்லைவிட இவைதான் அதிகம் ஏமாற்றுகின்றன.

கேள்வி: ஒரு கட்டுரைக்கு எத்தனை உயர்நிலைச் சொற்கள் இருக்க வேண்டும்? தம்பியை மன்னிக்கும் அண்ணனைப் பற்றி நான் எழுதிய கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளை அனுப்பியுள்ளேன். பார்த்துத் திருத்தித் தர வேண்டுகிறேன்.
— படிவம் ஐந்து மாணவர், தோட்டக் குடியிருப்பு

பதில்: எண்ணிக்கை எதுவும் கிடையாது. ‘தி புரொட்டாகனிஸ்ட் எக்ஸிபிட்ஸ் கொலாஸல் மேக்னனிமிட்டி டுவர்ட்ஸ் ஹிஸ் மலவலன்ட் ஸிப்ளிங்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். கதையில் தம்பி செய்தது, அண்ணனைக் கேட்காமல் நிலத்தை விற்றது. அவனிடம் பேராசை இருந்தது. தீங்கு நினைத்தான் என்று கதை எங்கும் சொல்லவில்லை, ஆகவே மலவலன்ட் போக வேண்டும். அண்ணன் மன்னித்தான் என்பது உண்மை. ஆனால் நீங்களே எடுத்துக்காட்டியபடி, நாற்காலியை விட்டு எழவில்லை, தம்பிக்கு ஒரு கோப்பைத் தேநீர்கூடக் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த மன்னிப்பைப் பெருந்தன்மை என்று எப்படிச் சொல்வது? ‘ஹி ஃபர்கிவ்ஸ் ஹிஸ் பிரதர், பட் கிரட்ஜிங்லி’ என்று எழுதி, நாற்காலியையும் தேநீரையும் உடனே சான்றாகத் தாருங்கள். மனமில்லாமல் என்று பொருள்படும் கிரட்ஜிங்லி என்ற ஒரே சொல் இங்கே போதும். அதை உங்கள் குறிப்பேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் பத்தியில் தாயின் மௌனத்தை ‘ஹெவி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் கை வைக்க வேண்டாம்.